சிர்வள் கால்நடைக் கல்லூரியில் நம் ஊர்ப் பெண்

லோஹேகாவ் என்றவுடன் புனேக்காரர்களுக்கு விமானம்தான் நினைவுக்கு வரும். 1939-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அமைத்த விமானத் தளம் இன்று ஊரின் பெரும்பகுதியைத் தன்னுள் அடக்கிக்கொண்டிருக்கிறது. 2017-இல் ஊரின் எஞ்சிய பகுதியும் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. எனினும் இங்கே குடியிருக்கும் நம்மவர்க்கு மற்றொரு லோஹேகாவும் தெரியும். துகாராம் மகாராஜின் தாயார் பிறந்த ஊர் என்று மராத்தியப் பெரியவர்கள் போற்றும் பழைய கிராமம் அது. மழைக்காலம் ஓய்ந்ததும் தன்கர் எனப்படும் இடையர்கள் தம் ஆட்டு மந்தைகளோடு சாலையை அடைத்துக்கொண்டு போவார்கள். குதிரையின் முதுகில் பாத்திரமும் படுக்கையும், அவற்றின்மேல் கால் கட்டிய கோழிகளும் இருக்கும். மேலே போர் விமானம் இரைந்துகொண்டு போகும். கீழே ஆயிரம் குளம்புகள் புழுதி கிளப்பும். பேருந்தும் மோட்டார் வண்டிகளும் வாய்மூடி நிற்கும்.

அப்படி ஒரு நாள், ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், மந்தையின் பின்னால் ஓடிய ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அவள் தகப்பனாரிடம் ஒப்படைத்தோம். அவர் மிதிவண்டியில் இட்லி விற்பவர். ரப்பர் ஊதுகுழலை அழுத்திக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்புவார். புனே நகரில் இட்லி விற்கும் தமிழர் எவராயினும் அவருக்குப் பெயர் ‘அண்ணா’ என்பதே. இவரும் வாடிக்கைக்காரர்க்கெல்லாம் அண்ணாதான், நமக்கும் அண்ணாதான். இராசிபுரத்தை அடுத்த சிற்றூரிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வந்தவர். நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு ஆண்டுதோறும் இவர் வீட்டு அண்டாதான் வருகிறது. அன்று ஆட்டின் பின்னால் ஓடிய சிறுமி இன்று சிர்வள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். அவளைப் பற்றியும், அந்தக் கல்லூரி வாழ்க்கையைப் பற்றியும் எழுதுமாறு சங்கத்தார் பணித்தனர். இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்புக் கட்டுவதே நம் தொழில். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் நாம். கண்டதையும் கேட்டதையும் எழுதுகிறோம், பிழையிருந்தால் பொறுத்தருள்க.

ஆசை எப்படிப் பிறந்தது என்பதை அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். பன்னிரண்டு வயதில் கோடை விடுமுறைக்கு அப்பத்தா ஊருக்குப் போயிருந்தாள். அப்பத்தாவின் கறவைப் பசு முதல் நாள்தான் கன்று ஈன்றிருந்தது. மறுநாள் காலையில் எழ முடியாமல் படுத்துவிட்டது. கழுத்தை வளைத்து விலாவில் சாய்த்துக்கொண்டது, காது தொட்டால் சில்லென்றிருந்தது, கண் மங்கிற்று. ஊரார் கூடி, “இனித் தேறாது” என்றனர். அப்பத்தா வாய்விட்டு அழுதாள். அந்தப் பசுதான் அவளுக்கு மாதச் சம்பளம். உச்சிப்போதில் மருந்தகத்திலிருந்து மருத்துவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கழுத்து நரம்பில் ஊசியேற்றி, ஒரு புட்டி மருந்தை மெதுவாக இறக்கினார். இறக்கும்போதே நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுக்கொண்டேயிருந்தார். அரை மணி கழியவில்லை. பசு உடம்பைச் சிலிர்த்தது, சாணம் போட்டது, பின்னங்காலை ஊன்றி எழுந்து நின்றது. “சித்தப்பா, செத்தது எழுந்து நின்ற மாதிரி இருந்தது” என்று இன்றும் அதே வியப்போடு சொல்வாள். நோய்க்குப் பெயர் பால் சுரம். பெயரில்தான் சுரம், உடம்பு குளிர்ந்துபோகும். ஈன்றவுடன் மடியில் பால் பெருகும்போது இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து அதனோடு போய்விட, தசைகள் வலுவிழந்து மாடு சாய்ந்துவிடுகிறது. இழந்த சத்தை நரம்பு வழியே கொடுத்தால் எழுந்துவிடும். விரைந்து கொடுத்தால் நெஞ்சு நின்றுவிடும். அதனால்தான் அந்த மருத்துவர் குழலைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

படிக்க ஆசைப்படுவது ஒன்று; இடம் கிடைப்பது வேறொன்று. புலம்பெயர்ந்த குடும்பங்களின் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு இடம் தருகிறார்கள். மகாராஷ்டிரத்தில் நீட் தேர்வு மதிப்பெண். நாடு முழுவதும் நூற்றுக்குப் பதினைந்து இடங்களை இந்தியக் கால்நடை மருத்துவக் கழகம் நீட் தரவரிசைப்படி நிரப்புகிறது. எஞ்சியவை அந்தந்த மாநிலத்தாருக்கு. நம் பெண் எந்த மாநிலத்தாள்? பிறந்ததும் படித்ததும் புனேயில். தமிழ்நாட்டில் அவளுக்கு ஒரு பள்ளிச் சான்றும் இல்லை. ஊரில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலுள்ள சமூகம். இங்கே அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை, பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். இங்கேயும் மாநிலத்தாள் என்று காட்டப் பதினைந்து ஆண்டுக் குடியிருப்புக்கு ஆதாரம் கேட்கிறார்கள்.

பதினைந்து ஆண்டில் அண்ணா ஆறு வாடகை வீடு மாறியிருந்தார். ஒப்பந்தப் பத்திரம் என்று எதுவும் இல்லை, வாய்வார்த்தையாகக் குடியிருந்தவர். மின்கட்டணச் சீட்டு வீட்டுக்காரர் பெயரில். ஓர் அலுவலகத்தில் நம்மை நான்கு முறை திருப்பியனுப்பினர். ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காகிதம் கேட்டனர். கோப்புக் கட்டும் தொழில் அன்றுதான் நமக்குப் பயன்பட்டது. பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, முதல் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஒவ்வோராண்டின் பள்ளிச் சான்று, குடும்ப அட்டை ஆகியவற்றை ஆண்டு வரிசையாக அடுக்கி, முகப்பில் ஓர் அட்டவணையும் எழுதி வைத்தோம். பெண் ஓராண்டும் விடாமல் ஒரே பள்ளியில் படித்ததே அவளைக் காப்பாற்றிற்று. ஐந்தாம் முறை சான்று கிடைத்தது. பிள்ளைகள் வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு சொல்: பள்ளிக் காகிதங்களைப் பரணில் எறியாதீர்கள்.

இந்தக் கல்விக்கும் புனேக்கும் உள்ள உறவு பழையது. 1862-இலேயே படையினர்க்கான கால்நடை மருத்துவப் பள்ளி ஒன்று இங்கே தொடங்கிற்று. நாட்டில் இத்துறையின் முறையான கல்வி அதிலிருந்தே கணக்கிடப்படுகிறது. அப்போது படைக்குக் குதிரைதான் கால். பின்னர் 1886-இல் பம்பாயில் கால்நடை மருத்துவக் கல்லூரி எழுந்தது. 1889-இல் புனே அறிவியல் கல்லூரியில், இன்று பொறியியல் பல்கலைக்கழகமாக விளங்கும் அதே வளாகத்தில், ஆல்பிரட் லிங்கார்டு என்பவரின் தலைமையில் அரசின் நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார்கள். நம் ரயில்கள் சங்கம் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் நாம் பார்ப்பதுண்டு. கொடிய தொற்றுக் கிருமிகளை நகரின் நடுவே வைத்து ஆராய்வது தகாதென்று 1893-இல் அதைக் குமாவூன் மலையிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றினர். அக்காலத்தில் ஆய்வாளரை அலைக்கழித்த நோய் வெக்கை. ஊர் ஊராக மாடுகளை வாரிக்கொண்டு போன அந்த நோய், தடுப்பூசியால் ஒடுங்கி, 2011-இல் உலகெங்கும் ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்குப் பிறகு முற்றாக ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் அதுவே. நம் பெண்ணின் பாட்டனார் தலைமுறை கண்டு நடுங்கிய நோயை அவள் புத்தகத்தில் மட்டுமே காண்கிறாள்.

சிர்வளுக்கு ரயில் கிடையாது. ரயில்வேக்காரராகிய நமக்கு அது சிறு குறைதான். நீராவும் லோணந்தும் கிழக்கே வெகு தொலைவில் ஒதுங்கிவிட்டன. சுவார்கேட்டில் சாத்தாராப் பேருந்தில் ஏறி, காத்ரஜ் மலையின் சுரங்கவழி கடந்து, ஐம்பது கிலோமீட்டர் அளவு போக வேண்டும். நீரா ஆற்றுப் பாலம் தாண்டினால் புனே மாவட்டம் முடிந்து சாத்தாரா மாவட்டம் தொடங்குகிறது, அங்கேயே சிர்வள். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் கடைகள், தொழிற்சாலைகள், அவற்றுக்குப் பின்னே கரும்பு வயல்கள். தெற்கே கம்பாட்கி மலை நிற்கிறது. 1988-இல் தொடங்கிய இக்கல்லூரிக்குக் கிராந்திசிம்ம நானா பாட்டீலின் பெயர் சூட்டியிருக்கிறார்கள். 1943-இல் சாத்தாராக் கிராமங்களில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக மக்கள் நடத்திய மாற்று அரசாங்கத்தின் தலைவர் அவர். உழவர்களை நம்பி நின்றவரின் பெயர் உழவரின் மாட்டைக் காக்கும் கல்லூரிக்குப் பொருத்தமே. 2000-இல் உருவான மகாராஷ்டிர விலங்கு மீன்வள அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இது இயங்குகிறது.

முதல் நாள் அவளைக் கொண்டுபோய் விட அண்ணாவோடு நாமும் சென்றோம். ஒரு தகரப் பெட்டி, ஒரு மெத்தைச் சுருள், ஒரு சம்புடம் நிறைய இட்லிப் பொடி. விடுதியில் வேறு தமிழ்ப் பிள்ளை இல்லை. அண்ணா வாசலில் நின்றுகொண்டு, “தம்பி, இவ்வளவு தூரத்தில் விட்டுவிட்டுப் போகிறோமே” என்றார். தாம் பதினெட்டு வயதில் சேலத்தில் ரயிலேறி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கியவர் என்பது அவருக்கு அப்போது நினைவில் இல்லை.

படிப்பு ஐந்தரை ஆண்டு. நான்கரை ஆண்டு பாடம், ஓராண்டு களப்பயிற்சி. முதல் ஆண்டில் உடற்கூறு, உடலியங்கியல், கால்நடை வளர்ப்பு. அந்த முதல் ஆண்டுதான் பிள்ளைகளைப் புடம் போடுவது. மனித மருத்துவருக்கு ஓர் உடல் தெரிந்தால் போதும். இவர்களோ பசுவைப் படித்து முடித்ததும் குதிரை எங்கே வேறுபடுகிறது, நாய் எங்கே, பன்றி எங்கே, கோழி எங்கே என்று ஒவ்வோர் எலும்பிலும் நிற்க வேண்டும். முதல் தேர்வுக்கு முந்திய வாரம் அவள் வீட்டுக்கு வந்தபோது பையில் துணியைவிட எலும்பு மிகுதியாக இருந்தது. பேருந்து நடத்துநர் பையை உதைத்துப் பார்த்து, என்ன சாமான் என்று கேட்டாராம். “மாட்டின் தோள்பட்டை” என்றதும் இரண்டு இருக்கை தள்ளிப்போய் நின்றாராம். கூடத்தில் பதப்படுத்திய உடல்களின் மருந்து நெடி கையில் ஏறிக்கொள்ளும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. இரண்டு மாதம் கரண்டியால்தான் சோறு உண்டாள். பிறகு பழகிவிட்டது. ஒருநாள் எலும்பை ஒரு கையிலும் வடாபாவை மறு கையிலும் வைத்துக்கொண்டு படிப்பதைக் கண்டு அவள் தாயார் வெளியே எழுந்து போய்விட்டார்.

விடியற்காலைப் பண்ணைப் பயிற்சி அவளுக்குக் கடினமாக இல்லை. மற்றப் பிள்ளைகள் ஐந்து மணிக்கு எழ முடியாமல் கண்ணைக் கசக்கும்போது இவள் முழுக்க விழித்து நிற்பாளாம். வீட்டில் மூன்றரை மணிக்கு மாவு கலக்கும் ஓசையில் எழுந்து பழகியவள். முழங்கால்வரை ரப்பர்க் காலணி, வெள்ளை மேலங்கி, கையில் வெப்பமானி. பசுவின் இயல்பான சூடு 101.5 பாரன்ஹீட் அளவு. மனிதருக்கு அது காய்ச்சல். இடது விலாப்பள்ளத்தில் முட்டியை அழுத்தி வைத்தால் பெருவயிறு அலைபோல் எழுந்து தள்ளுவதை உணரலாம். இரண்டு நிமிடத்தில் எத்தனை அலை என்று எண்ண வேண்டும். அலை நின்றால் மாட்டுக்கு ஏதோ கேடு. நான்கு அறை கொண்ட வயிற்றில் அந்த ஒன்றில் மட்டும் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் என்றாள். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டோம்.

ஆபத்தும் உண்டு. வெறிநாய்க் கடி நோய்க்கு இவர்கள் கடிபடுமுன்னரே தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள். கன்று வீசும் நோயுள்ள பசுவின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட்டால் தொட்டவர்க்கும் மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். உதை, முட்டு, கடி பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டாம் ஆண்டில் ஓர் எருமை காலை மிதித்துப் பெருவிரல் நகம் போயிற்று, வீட்டில் சொல்லவில்லை. நமக்கு மட்டும் தெரியும். இதைப் படித்ததும் அண்ணாவுக்கும் தெரிந்துவிடும். 2022-இல் மாடுகளுக்குத் தோலில் கட்டி கட்டியாக எழும் தோல் கழலை நோய் மகாராஷ்டிரமெங்கும் பரவியபோது அவள் முதலாண்டு. தடுப்பூசிப் பணியில் இறங்கிய மூத்த மாணவர்கள் மாலையில் சட்டையெல்லாம் சாணமாகத் திரும்புவதைப் பார்த்து, தனக்கு எப்போது அந்த முறை வரும் என்று ஏங்கினாளாம்.

நம் மனத்தை ஈர்த்தது அவளுடைய ஓர் ஏடு. நீளக் கணக்கேடு, அண்ணா கடன் கணக்கு எழுதும் அதே வகை. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி கிழித்திருக்கிறாள். முதலில் பாடப்புத்தகத்து ஆங்கிலப் பெயர், அடுத்து மராத்தி, கடைசியில் தமிழ். ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் நடத்துவார்கள். மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிற உழவர் மராத்தியில் பேசுவார். அவள் மனத்தில் நோய் என்றால் அப்பத்தாவின் சொல்தான் வருகிறது. ஆகவே மூன்றையும் கட்டிவைத்திருக்கிறாள். வாயிலும் குளம்பிலும் புண் வரும் நோய்க்கு மராத்தியில் ‘லாள்யா குர்கூத்’. நம் பக்கத்தில் கோமாரி. தொண்டை வீங்கி மூச்சடைத்து ஒரே நாளில் கொல்வது அங்கே ‘கட்ஸர்ப்’. இங்கே தொண்டை அடைப்பான். தொடைச் சதை வீங்கி நெறுநெறுப்பது ‘பர்யா’, சப்பை நோய். வெக்கைக்கு ‘புள்காண்டி’. ‘போட்புகீ’ என்றால் வயிற்று உப்புசம். பால் சுரத்துக்கு மட்டும் ‘துக்தஜ்வர்’ என்று வடமொழி; புத்தகம் எழுதியவர் வைத்த பெயர் போலும். ‘ரவந்த்’ என்பது அசைபோடுதல். மாடு அசைபோடவில்லை என்பதைத்தான் உழவர் முதலில் சொல்வார். அதைப் புரிந்துகொள்ளாத மருத்துவருக்கு வேறு எந்தக் கருவியும் உதவாது என்கிறாள்.

லோஹேகாவ் தெருவில் விளையாடிக் கற்ற மராத்திதான் அவளுக்குக் கைகொடுத்தது. எனினும் தெரு மராத்தி வேறு, தொழுவ மராத்தி வேறு. முதன்முதல் மருத்துவப் பிரிவில் நின்றபோது ஒரு முதிய உழவர் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ‘மாஜாவர்’ என்று ஏதோ சொன்னார். பசு காளைக்கு ஏங்குகிறது என்பது அதன் பொருள். அவளுக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டாள். தாத்தா தம் பேத்தி வயதுப் பெண்ணிடம் எப்படி விளக்குவதென்று தலைப்பாகையைச் சொறிந்துகொண்டு வானத்தைப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டனர். அன்றிரவே ஏட்டில் அந்தச் சொல் ஏறிற்று. இப்போது அவளே தயங்காமல், எந்த நாள், எந்த வேளை, எத்தனை மணி நேரம் கத்தியது என்று கேட்டு எழுதுகிறாள். கணக்குத் தப்பினால் சினை ஊசி வீணாகிவிடும், உழவருக்கு மூன்று வாரம் இழப்பு.

‘மாட்டு டாக்டர்’ என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. நம் சங்கத்திலேயே இருந்தனர், பெயர் வேண்டாம். “மனிதருக்கு வைத்தியம் பார்க்க மதிப்பெண் போதவில்லையா?” என்று அவள் முகத்துக்கு நேரேயே கேட்டவர் ஒருவர். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், “சாணத்தில் கைவிடுகிற பெண்ணை யார் கட்டுவான்?” என்றார். அண்ணா பதில் சொல்லாமல் இட்லித் தட்டில் துணி விரித்துக்கொண்டிருந்தார். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது; அங்கே படித்து 1950-களின் முற்பகுதியில் பட்டம் பெற்ற சக்குபாய் இராமச்சந்திரன் இந்நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவர்களுள் ஒருவர். எழுபது ஆண்டு கழித்தும் அதே கேள்வியைக் கேட்கிறவர்களை என்ன சொல்வது! 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்நாட்டில் 53 கோடிக்கு மேற்பட்ட கால்நடைகள் இருக்கின்றன. அவற்றை நம்பிப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்துகிறவர்களில் அந்த உறவினரின் தாயாரும் ஒருவர்.

நாமக்கல்லில் கிடைத்திருந்தால் அப்பத்தா வீட்டிலிருந்தே போய்வந்திருக்கலாமே என்று அவள் தாயார் இன்றும் குறைப்படுவார். அங்கே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோழிப்பண்ணையும் லாரிக் கூண்டு கட்டுதலுமாக விளங்கும் அந்த ஊருக்கு, கல்லூரி வந்து இருபத்தெட்டு ஆண்டு கழித்து, 2013-இல்தான் சேலம் கரூர்ப் பாதை வழியாக ரயில் வந்தது. சிர்வளுக்கும் ஒருநாள் வரக்கூடும் என்று நாம் சொன்னால் அண்ணா சிரிப்பார்.

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க மூவருமாகப் போயிருந்தோம். நீரா ஆற்றுப் பக்கம் ஒரு மரத்தடியில் அமர்ந்து, கொண்டுபோன புளிச்சோற்றைப் பிரித்தோம். அவளுடன் வந்த தோழியர் இருவர், ஒருத்தி சாங்கலி, மற்றவள் பீட் மாவட்டம், பாக்கரியும் பூண்டுச் சட்னியும் எடுத்து வந்திருந்தார்கள். அப்போது அண்ணாவின் கைப்பேசி ஒலித்தது. அப்பத்தா பேசினாள். பழைய பசுவின் மகள், இப்போதைய கறவை, முந்திய இரவு ஈன்று காலையில் படுத்துவிட்டதாம். எழுப்பினால் எழவில்லை. அக்கம்பக்கத்தார் மூங்கில் குழாயில் நல்லெண்ணெயும் கஷாயமும் புகட்ட ஆயத்தமாக நிற்கிறார்கள்.

அண்ணா கைப்பேசியை மகளிடம் நீட்டினார். “நீ படிச்சதைச் சொல்லம்மா. என்ன ஊசின்னு சொல்லு, மருந்துக்கடையில வாங்கிப் போடச் சொல்லிடலாம்.”

அவள் முகம் வெளுத்தது. பசுவைக் காட்டச் சொன்னாள். சிறு திரையில் அது தெரிந்தது: கழுத்து விலாப் பக்கம் வளைந்திருந்தது. “ஆத்தா, காதைத் தொட்டுப் பாருங்க. சில்லுனு இருக்குதா? மூக்கு காஞ்சிருக்குதா? எத்தனாவது ஈத்து?” என்று வரிசையாகக் கேட்டாள். நான்காம் ஈத்து. பிறகு உரக்கச் சொன்னாள்: “வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. அதுக்கு இப்ப விழுங்க முடியாது; நுரையீரலுக்குப் போயிடும். பக்கவாட்டுல சாய விடாம ரெண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக் கொடுங்க. வெயில்ல இருந்து மறைங்க. 1962-க்குப் போன் போடுங்க, டாக்டர் வருவார்.”

“ஊசி பேரைச் சொல்லேன் கண்ணு” என்றாள் அப்பத்தா.

“நான் இன்னும் டாக்டர் இல்லீங்க, ஆத்தா.”

அண்ணாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான்கு ஆண்டு படிக்க வைத்து, சொந்த வீட்டுப் பசு சாகக் கிடக்கையில் ஒரு மருந்தின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறாளே என்று எழுந்து ஆற்றங்கரைப் பக்கம் போய்விட்டார். அவளுக்கு மருந்து தெரியாதா? பன்னிரண்டு வயதிலேயே தெரியும். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவரே மருத்துவம் செய்யலாம் என்பது ஒன்று. அதைவிட, விவரம் அறியாத கை அந்தப் புட்டியை விரைந்து ஏற்றினால் பசு கண்முன்னே விழும் என்பது அவளுக்குத் தெரியும். நம்மிடம் அதை மெல்லச் சொல்லிவிட்டு, தோழியர் பக்கம் திரும்பி மராத்தியில் ஏதோ சொன்னாள். பீட் மாவட்டத்துப் பெண் அவள் கையைப் பற்றிக்கொண்டாள். புளிச்சோறு அப்படியே இருந்தது. அவள் தாயார்தான் விடாமல் ஊருக்குத் திரும்பத் திரும்ப அழைத்து, முட்டுக் கொடுத்தார்களா, ஒன்றும் புகட்டவில்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு விடைபெற்றோம். அண்ணா மகளிடம் பேசவில்லை. பேருந்து கிளம்பும்போது மட்டும் பொடிச் சம்புடத்தைச் சன்னல் வழியே நீட்டினார், கொடுக்க மறந்திருந்தது. காத்ரஜ் சுரங்கவழி தாண்டி, நகரத்து விளக்குகள் கீழே தெரியும் இடத்தில் கைப்பேசி ஒலித்தது. மருத்துவ வண்டி நான்கு மணிக்கு வந்ததாம். கழுத்து நரம்பில் மருந்து இறக்கினார்களாம். பசு எழுந்து, கன்றை நக்கிக்கொண்டிருக்கிறதாம். வாயில் ஏதாவது புகட்டினீர்களா என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டாராம். இல்லை என்றதும், யார் தடுத்தது என்று கேட்டாராம். “என் பேத்தி” என்றாளாம் அப்பத்தா.

அண்ணா சுவார்கேட் வரும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும், “தம்பி, அவ நம்பரைப் போட்டுக் கொடுங்க, கண்ணாடி எடுத்து வரலை” என்றார்.

அந்த மூன்று பத்தி ஏட்டில் தமிழ்ப் பத்தியில் இன்னும் பல இடம் காலியாக இருக்கிறது. சேலம், நாமக்கல் சொற்கள்தாம் அவளுக்குத் தெரியும். நெல்லை, மதுரை, தஞ்சைப் பக்கம் மாடு வைத்திருந்த குடும்பத்தார் நம் சங்கத்தில் பலர் உண்டு. உங்கள் ஊரில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வரும் நோய்களுக்கு வழங்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால், சிர்வளுக்கு அனுப்பிவைப்போம்.